உதட்டில் தெரியாத எழுத்துகள்

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் ஆண்டு நிலவியல் வகுப்பு. நாற்பத்தொரு பேர். எல்லாரையும் வழக்கம்போல முதல் நான்கு வரிசைக்குள் இழுத்து உட்கார வைத்தேன். 'ஜன்னலோரம்' மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அங்கே வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுகிறது, அதனால் நானும் வற்புறுத்துவதில்லை. பிள்ளைகளுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் இப்படித்தான், உட்காரும் இடத்தையும் தூக்கி வரும் பையையும் வைத்து. அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'நிமிர்ந்து பேசு'. யார் வாயைத் திறந்தாலும் நான் முதலில் சொல்வது அதுதானே. எழுந்து நில், என்னைப் பார், நிமிர்ந்து பேசு. ஒழுக்கம் கற்றுத் தருகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

பன்னிரண்டு வருஷமாக நான் காதால் கேட்பதில்லை, கண்ணால் கேட்கிறேன். இது இவருக்குத் தெரியும், இந்த நோட்டுக்குத் தெரியும். மகளுக்குப் பாதி தெரியும். சத்தம் கேட்கிறது, சொல்தான் கேட்பதில்லை என்று டாக்டரிடம் சொன்னபோது, சரியாகச் சொன்னீர்கள் என்று பாராட்டிவிட்டு மிஷின் வாங்கச் சொன்னார். வாங்கவில்லை. பக்கத்துத் துறையில் கண் மங்கிப்போனவரை மரியாதையாக நூலகப் பதிவேட்டில் கொண்டுபோய் உட்கார வைத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். பாறையை விட்டுவிட்டுப் பதிவேட்டோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

மார்ச் 13, வெள்ளி

மாலை நாலு மணிக்குச் சுற்றறிக்கை. தொற்று பரவுவதால் திங்கள் முதல் வளாகம் மூடல். "வகுப்புகள் இணையவழியில் தடையின்றித் தொடரும்." தடையின்றி என்ற சொல்லைப் போட்ட மகராசன் யாரோ.

ஆசிரியர் அறையில் பதினாறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த பெரிய வித்தை அது. எந்த இடத்தில் ஆட்ட வேண்டும், எந்த இடத்தில் 'அட' என்று புருவத்தைத் தூக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி.

அலமாரியில் இருந்த மாதிரிக் கற்களில் முப்பதைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் பை கிழிந்தது. இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, உன் தலையில இருக்கறது போதாதுன்னு வீட்டுக்கு வேறயா என்றார்.

மார்ச் 16, திங்கள்

இணையவழிப் பயிற்சி. கணினி மையத்தில் வேலை செய்யும் ஒரு சின்னப் பெண், நாற்பது ஆசிரியர்கள். இயற்பியல் மூத்தவர் ஒன்றரை மணி நேரமும் தன் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூன்று தடவை என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டாளாம். நான் மூன்று தடவையும் சிரித்திருக்கிறேன். மைக் வேலை செய்யலை போல என்று அவளே முடிவு கட்டி விட்டுவிட்டாள்.

மார்ச் 18, புதன்

முதல் வகுப்பு. முகங்கள் தபால்தலை அளவு. வாய் ஒரு எழுத்தில் நின்றுவிடுகிறது, சத்தம் நான்கு எழுத்து முன்னால் ஓடுகிறது. எதையும் படிக்க முடியவில்லை.

மூன்று மணிக்குக் கணினி மையத்திலிருந்து கடிதம்: இணைப்பு தாங்கவில்லை, மாணவர்கள் கேமராவை அணைத்துவிட வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள். அவற்றுக்கு நான் எரிமலைக் குழம்பு குளிர்ந்து பாறையாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இவர் தன் கருவிப் பையைத் துழாவி, ஒரு இணைப்புக் கம்பியும் பழைய ஹெட்போன் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டாகப் பிரித்து எதிலாவது செருகத் தெரிந்தவர். மேஜைக்கு எதிர்ப்பக்கம், கேமராவில் விழாத இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். கையில் மகளுடைய பழைய நோட்டு.

"பிள்ளைங்க கேக்கறதை நான் எழுதிக் காட்டறேன். நீ படிச்சுப் பதில் சொல்லு. நான் ஒரு பொருட்டே இல்லைன்னு நினைச்சுக்கோ."

முப்பது வருஷமாக அப்படி நினைக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஓடுகிறது! ஓடுகிறது என்றால் நொண்டிக்கொண்டு. இவருக்குப் பாறை தெரியாது. 'படிவுப் பாறை' என்று ஒரு பிள்ளை கேட்டால் 'படியுற பாறை (?)' என்று எழுதுகிறார். 'உருமாறிய பாறை' 'உருமாறின பாறை, எப்போ?' என்று வந்தது. அந்த எப்போ பிள்ளை கேட்டதா இவர் கேட்டதா என்று கண்ணால் கேட்டேன். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். சரி என்று அதற்கும் வகுப்பிலேயே பதில் சொன்னேன். பத்துக் கோடி வருஷம் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த இரண்டு கேள்விகள் போச்சு.

நடுவில் தும்மினார். ஏதோ ஒரு கட்டத்திலிருந்து யாரோ சிரித்திருக்க வேண்டும், இவர் காது சிவந்தது.

இவருக்கு வேலை ஒருநாள் விட்டு ஒருநாள். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகள் நிற்கக் கூடாது என்று அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இவர் இல்லாத நாட்களில் கேள்வியை எழுதி அனுப்புங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் பேச வேண்டும் என்றால் வகுப்பு முடிந்ததும் கேமராவைப் போட்டுக்கொண்டு பேசலாம் என்றும்.

ஏப்ரல் 2, வியாழன்

துறைக் கூட்டம். துறைத் தலைவரை நாங்கள் எல்லாரும் 'தாடி' என்றுதான் சொல்வோம், அவருக்கும் தெரியும். அந்தத் தாடியும் மீசையும் சேர்ந்து வாயைக் கூரை போட்டு மூடியிருக்கின்றன. நேரில் என்றால் புருவத்தையும் கையையும் வைத்துச் சமாளிப்பேன். திரையில் ஒரு புதர் பேசுகிறது. கூட்டம் முடிந்ததும் இவரிடம் புலம்பினேன், மீசைக்காரர்களோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது என்று. இவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, அதான் தெரியுமே என்றார்.

எது தெரியும்?

அப்புறம்தான் உறைத்தது. இவருக்கு மீசை இருந்தது. கல்யாணப் படத்தில், மகள் பிறந்தபோது எடுத்த படத்தில், எல்லாவற்றிலும். ஒருநாள் எடுத்துவிட்டு வந்து நின்றார். நரைச்சுப்போச்சு, சாயம் பூசச் சோம்பல் என்றார். உரித்த முட்டை மாதிரி இருக்கீங்க என்று நான் பத்து நாள் சிரித்தேன். எந்த வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். டாக்டரிடம் போய்வந்த அதே வருஷம்.

"மீசையை அதுக்காகவா எடுத்தீங்க?"

"எதுக்காக?"

"மழுப்பாதீங்க."

ஈரக் கையோடு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். எப்போதும் அப்படித்தான் திரும்புவார், பேச ஆரம்பிக்கும் முன்னால். "ரெண்டு தடவை 'என்ன'ன்னு கேட்டும் புரியலைன்னா, மூணாவது தடவை நீ கேக்க மாட்ட. சும்மா சிரிச்சுட்டுப் போயிடுவ. எனக்கு அது பிடிக்கலை."

இதை எழுதும்போது எனக்கு என்னவோ போல இருக்கிறது. பன்னிரண்டு வருஷம். ஒரு மீசை. நான் முட்டை என்று சிரித்திருக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

வருகை முப்பத்திமூன்று. தினம் ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள்: எத்தனை பேர் இணைந்தார்கள், எத்தனை நிமிஷம், இணைப்பின் தரம் நன்று, நடுத்தரம், மோசம். எட்டுப் பேர் ஏன் வரவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை.

ஜன்னலோரம் வருகிறாள், பாதியில் மறைகிறாள், மறுபடி வருகிறாள். வீட்டில் சிக்னல் இல்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன் மேடம் என்று எழுதியிருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. போன பருவத்தில் களப்பயணத்தில் ஒரு பாறையைப் பார்த்து, இது தலைகீழா கிடக்கு என்று முதலில் சொன்னது அவள்தான். எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது.

மகளோடு வீடியோவில் பேசும்போது கேட்டாள், எந்த எழுத்து அம்மா கஷ்டம் என்று. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள். சொன்னேன்: க உதட்டில் தெரியவே தெரியாது, தொண்டைக்குள் நடந்து முடிந்துவிடும். அதனால்தான் நான் வகுப்பில் 'கல்' என்று சொல்வதில்லை, பாறை என்றே சொல்லிப் பழக்கிவிட்டேன், அவர்களும் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ப-வும் ம-வும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரு விருந்தில் ஒருத்தர் 'மணி என்ன' என்று கேட்டதைப் 'பணி என்ன' என்று படித்து, 'உதவிப் பேராசிரியர்' என்று பதில் சொன்ன கதையைச் சொன்னேன். மகள் சிரித்துச் சிரித்து அழுதாள். பிறகு அழுதே விட்டாள்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று மடிப்புகள். பூமி நெருக்கும்போது பாறை துணி மாதிரி மடிந்துபோவது. இவர் காலையிலேயே போய்விட்டார், ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கும் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டதாம். ஒரு மேஜை விரிப்பை இரண்டு பக்கமும் தள்ளி மடித்துக் காட்டினேன். நான்கு பேர் எழுத்தில் கேள்வி கேட்டார்கள். நல்ல வகுப்பு.

முடிந்த பிறகு ஜன்னலோரம் கேமராவைப் போட்டாள். மாடிப்படி, பின்னால் வெளிச்சம், முகம் இருட்டு. நேரம் இல்லை என்றாள், முடியல என்றாள். அப்புறம் 'மடிப்பை விட்டுடலாம்னு பாக்கறேன்' என்றாள். மற்றது சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. பாவம், தினம் படியில் உட்கார்ந்து எவ்வளவுதான் படிப்பாள். தாராளமா விட்டுடு, அது போனா என்ன, மீதி இருக்கே, மனசைப் போட்டு அலட்டிக்காத என்றேன். பரீட்சையில் அதற்கு ஒரு கேள்விதான் வரும், வேறு எழுதிக்கொள்ளலாம்.

முகம் சட்டென்று தெளிந்த மாதிரி இருந்தது. தேங்க்ஸ் மேடம் என்றாள். அதைப் படிக்க வெளிச்சம் தேவையில்லை.

இவர் இல்லாமலே ஒருத்தியோடு பேசி முடித்துவிட்டேன் என்று மாலையில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஜன்னலோரம் வரவில்லை. சிக்னல்தான்.

ஏப்ரல் 23, வியாழன்

இன்றும் இல்லை. ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்ததாகக்கூடக் காட்டவில்லை. இவர் 'எரிமலை மறுபடி எப்போ?' என்று கேள்வி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாடத்திட்டத்தில் இல்லை என்றதும் முகம் தொங்கிப்போச்சு.

ஏப்ரல் 28, செவ்வாய்

வகுப்புத் தலைவி மத்தியானம் எனக்கு எழுதியிருந்தாள். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கே வருகிறாள். ஜன்னலோரம் படிப்பை விட்டுவிட்டாளாம். மேடம்கிட்ட கேட்டேன், தாராளமா விடச் சொல்லிட்டாங்க என்று எல்லாரிடமும் சொன்னாளாம். உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும் மேடம், ஆனா எங்களுக்குக் கஷ்டமா இருக்கு.

நான் எப்போது விடச் சொன்னேன்? இரண்டு தடவை படித்தும் தலைகால் புரியவில்லை. அப்புறம் பதினாறாம் தேதி ஞாபகம் வந்தது. வகுப்பு முடிந்ததும் வீடியோ பதிவை நிறுத்த மறப்பது என் வழக்கம், அதற்காகக் கணினி மையம் என்னை இரண்டு தடவை கடிந்து எழுதியிருக்கிறது. அன்றும் நிறுத்தவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தது.

இவரைப் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியதை இங்கே அப்படியே ஒட்டி வைக்கிறேன்:

'மேடம், வீட்டுல ஒரே போன். தம்பிக்கும் தங்கச்சிக்கும் அதுலதான் வகுப்பு. என் முறை வர்றப்போ சார்ஜ் இருக்கறதில்லை. மருந்துக் கிடங்குல வேலைக்குக் கூப்பிடறாங்க. எதுக்கும் நேரம் இல்லை. முடியல. படிப்பை விட்டுடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?'

படிப்பு. மடிப்பு இல்லை. படிப்பு.

தாராளமா விட்டுடு. அது போனா என்ன. ஐயோ. மீதி இருக்கே என்று வேற சொன்னேன் — என்னடி மீதி இருக்கு அவளுக்கு? மருந்துப் பெட்டி.

ஒரே ஒரு தடவை, கேக்கலைம்மா, திரும்பச் சொல்லு என்று சொல்லியிருந்தால்? ஒரு வாய்ச்சொல். அது வரவில்லை எனக்கு. தலையாட்டத்தான் வந்தது.

ஏப்ரல் 29, புதன்

வகுப்பு எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அதுவும் ஒரு பொய்.

ஏப்ரல் 30, வியாழன்

அவள் எண்ணுக்கு இவர் கூப்பிட்டார். தங்கை எடுத்தாள். அக்கா வேலைக்குப் போயிருக்கா, எனக்கு வகுப்பு நடக்குது, வெச்சிடட்டுமா என்றாளாம். இடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊருக்கு வெளியே சுற்றுச்சாலையில் உள்ள கிடங்கு. மூன்று மணிக்கு டீ இடைவேளை.

மே 4, திங்கள்

வெளியே நடமாடக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். வண்டியில் ஒருவர் மட்டும்தான் போகலாம், அதனால் நான் நடந்தேன். முக்கால் மணி நேரம். இவர் வண்டியை என் வேகத்துக்கு ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். நடைக்குச் சமமாக வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டார். நீங்க வீட்டுக்குப் போங்க என்றேன். போகவில்லை.

மூன்று மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் நீல மேலங்கியோடு வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் முகக்கவசம். இதை நான் யோசிக்கவே இல்லை. நடையை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். அவள் ஏதோ சொன்னாள், துணி அசைந்தது, அவ்வளவுதான். என் தலை தானாக ஆட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் காது கேக்காதும்மா."

வீட்டு ஆட்களையும் டாக்டரையும் தவிர ஒரு ஆளிடம் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. உதட்டைப் பார்த்தால்தான் புரியும், தள்ளி நின்று அதைக் கழற்றிப் பேசுகிறாயா என்று கேட்டேன். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். சத்தமாகப் பேசினால் எனக்குக் கேட்கும் என்று நினைத்து வாயை அகலமாகத் திறந்து கத்தினாள் போல, சரக்கு இறக்குபவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தாதே, நிமிர்ந்து பேசு என்றேன் பழக்கதோஷத்தில். அங்கேயிருந்து சிரித்தாள்.

அன்று எனக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று சொன்னேன். நான் விடச் சொன்னது ஒரு பாடத்தை, உன் படிப்பை இல்லை என்றேன். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் சொன்னது வேறு.

"கோவம் இல்ல மேடம். அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். யாராவது ஒருத்தர் விட்டுடுன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க."

நடுவில் ஒரு லாரி போனது. அது போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இப்ப நீங்களே வந்து இல்லைங்கறீங்க. நான் திரும்ப முதல்லேருந்து யோசிக்கணும்."

"யோசி. நான் சொன்னேன்னு விடவும் வேணாம், நான் சொன்னேன்னு வரவும் வேணாம்."

மணி அடித்திருக்க வேண்டும், எல்லாரும் உள்ளே போனார்கள். அவளும் போனாள். திரும்பும்போது இவர் வண்டியை அணைத்துவிட்டு என்னோடு தள்ளிக்கொண்டே வந்தார்.

மே 5, செவ்வாய்

அவளிடமிருந்து ஒரே வரி: ஒரு வருஷம் கழிச்சு வந்து சேர முடியுமா மேடம்? தங்கைக்கு அதற்குள் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும், வீட்டில் ஒரு கை கூடும்.

விதியைத் தேடிப் படித்தேன். கடிதம் கொடுக்காமல் தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். நீக்கினால் மறுபடி முதலிலிருந்து. வெள்ளிக்கிழமையோடு மூன்று வாரம் முடிகிறது. படிப்பு இடைவெளி முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். முன்தேதி போட்டுக் கொடுப்பதென்றால் 'துறையின் தவறான வழிகாட்டுதல்' என்று ஒரே ஒரு காரணம்தான் ஒத்துக்கொள்வார்கள். ஆதாரத்தோடு.

ஆதாரம் என்னிடம் இருக்கிறது. ஐந்து நிமிஷம் ஓடுகிறது.

மே 6, புதன்

தாடியிடம், எழுதிப் பேசலாமா என்று கேட்டேன். எழுதினேன். காது, வருஷம், வகுப்பு, அவள், எல்லாம். பதிவையும் கூடவே அனுப்பினேன், அனுப்பின பிறகு யோசிக்க முடியாதபடிக்கு.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 'பன்னெண்டு வருஷமா?'

ஆமாம் என்று எழுதினேன்.

பிறகு: 'இதைக் கொடுத்தா உங்களுக்குப் பிரச்சினை. கொடுக்கலைன்னா அவளுக்கு. எனக்கு ரெண்டுமே பிடிக்கலை.'

கொடுங்கள் என்று எழுதினேன். இவர் டீ கொண்டுவந்து வைத்தார். நூலகத்தில் உட்கார வைத்தால் என்ன செய்வேன் என்றேன். லிஃப்ட் ரிப்பேர் கத்துத் தரேன், அதுக்குக் காது வேணாம், மூக்குதான் வேணும் என்றார். எண்ணெய் கருகுவதை வைத்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாமாம்.

மே 7, வியாழன்

வகுப்பில் சொல்லிவிட்டேன். பாடத்துக்கு முன்னாலேயே, இரண்டு நிமிஷத்தில். சொல்லி முடித்து எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருத்தி: 'அப்ப நிமிர்ந்து பேசுன்னது இதுக்குத்தானா மேடம்?' இன்னொருத்தன்: 'நாங்க வேற மாதிரி நினைச்சுட்டோம்.' மூன்றாவது: 'அப்ப பின்னாடி தும்முறது யாரு?'

இவரை இழுத்துக் கேமரா முன்னால் நிறுத்தினேன். வேலைச் சட்டை, ஹெட்போன், நோட்டு. கும்பிட்டார் மனுஷன்.

வாரத்துக்கு இரண்டு பேர் முறைவைத்துக் கேள்விகளை எழுதித் தருவதாக வகுப்புத் தலைவி ஏற்பாடு செய்துவிட்டாள். அப்ப என் வேலை போச்சா என்றார் இவர். நாளைக்கும் வந்து அதே நாற்காலியில்தான் உட்காரப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

மே 8, வெள்ளி

கடைசி நாள். நாலரைக்குத் தாடியின் செய்தி: பெயரை நீக்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குழு கூடிப் பார்க்கும்.

மே 22, வெள்ளி

முடிவு. அவளுக்கு ஒரு வருஷ இடைவெளி, இடம் அப்படியே இருக்கும். எனக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று, கோப்பில் நிரந்தரமாக. களப்பயணத்துக்கு இனி நான் தலைமை இல்லை, கூடப் போகலாம். காதைச் சோதித்து மருத்துவர் சொல்வதைச் செய்ய வேண்டும், பாடம் தொடர்ந்து நடத்தலாம்.

களப்பயணம்தான் வலிக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தவள். சரி. பின்னால் நடந்தால் முதுகுகளைப் பார்க்கலாம்.

அவளுக்கு உத்தரவின் படத்தை அனுப்பினேன். ஒரு வரிதான் வந்தது: வேலையில இருக்கேன் மேடம், அப்புறம் அழறேன்.

ஜூன் 22, திங்கள்

மிஷின் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள். ஃப்ரிட்ஜ் இத்தனை காலமாக இப்படியா முனகிக்கொண்டிருந்தது? என் செருப்பு சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்க்கிறேன். எல்லாச் சொல்லும் கேட்டுவிடவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. உதடு இன்னும் வேண்டும். பாதியை இது தருகிறது, பாதியை அது.

இவர் எனக்காக எத்தனை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. கத்தாதீங்க என்றால், எனக்கு வேற மாதிரி பேச மறந்துபோச்சு என்கிறார்.

செப்டம்பர் 14, திங்கள்

வீடியோ இல்லாமல், படமும் குரலும் மட்டும் வைத்து ஒவ்வொரு பாடத்தையும் பன்னிரண்டு நிமிஷத்தில் அடக்கியிருக்கிறேன். பழைய போனிலும் இறங்கும். வராமல் போன எட்டுப் பேரில் ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலோரமும் கேட்டாள், இடைவெளியில் இருப்பவளுக்கு எதுக்கு என்றால் பெட்டி அடுக்கும்போது கேட்கவாம். மடிப்புப் பாடத்தை முதலில் அனுப்பினேன். சிரிப்பு முகம் ஒன்று வந்தது.

அடுத்த ஆண்டு, செப்டம்பர் 6, திங்கள்

வளாகம் திறந்து முதல் வகுப்பு. புது இரண்டாம் ஆண்டு. ஒரு பெஞ்சுக்கு ஒருவர், எல்லார் முகத்திலும் துணி. ஒரு உதடு இல்லை அறையில். மிஷினில் கால் இழுக்கும் சத்தமும் பெஞ்சு கிறீச்சிடுவதும்தான் நன்றாகக் கேட்கிறது.

எனக்குக் காது சரியாகக் கேட்காது, திரும்பத் திரும்பக் கேட்பேன், சலித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஜன்னலோரமும் வந்திருந்தாள், தன்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு. மாலையில் மட்டும் கிடங்காம். ஆள் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். மாதிரிப் பாறையைக் கையில் வாங்கியவள் அடுத்த ஆளுக்குக் கொடுக்கவே இல்லை. கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை 'கேக்கலை' என்றேன். மூன்றாம் வரிசையில் புதிதாக ஒருத்தி கை தூக்கினாள். கேட்டாள். கேக்கலை என்றேன். மறுபடி கேட்டாள். பக்கத்தில் போய் நின்றும் பிடிபடவில்லை. பரவாயில்ல மேடம், சின்ன விஷயம்தான் என்று உட்காரப் போனாள். அது மட்டும் கேட்டது.

"சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு. நான் எங்கயும் போகலை."

நோட்டில் பெரிய எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டினாள்: வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?

பத்து நிமிஷம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும் என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அது எனக்கு நன்றாகவே கேட்டது.